வளைந்த முட்கள்

என் அண்ணிக்குக் கல்லைக் கரைக்கிற வேலை. சொன்னால் உடனே யாரும் நம்ப மாட்டார்கள். "உடைக்கிற வேலையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். உடைப்பது முதல் கால்மணி நேரம்தான். அதற்குப் பிறகு பத்துப் பதினொரு நாள் கரைப்பதுதான்.

பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் அவளுடைய அறை. ஜன்னல் கிடையாது. ஒரு சுவர் முழுக்க நீள நீளமான மரப்பெட்டிகள். பூமிக்குள் ஆழமாகத் துளை போட்டு எடுத்த கல், எந்த ஆழத்தில் எடுத்தது என்ற குறிப்போடு, உருளை உருளையாக அவற்றில் படுத்திருக்கும். அதிலிருந்து நெல்லிக்காய் அளவு ஒரு துண்டைப் பெயர்த்து, நொறுக்கி, பிளாஸ்டிக் குடுவையில் போட்டு ஆசிட் ஊற்றுவாள். கண்ணாடிக் குடுவை உதவாது. அந்த ஆசிட் கண்ணாடியையே தின்றுவிடும். தோலில் ஒரு சொட்டு பட்டால் எலும்பு வரை இறங்கும். அதனால் முழங்கை வரை கையுறை, முகத்துக்கு மறைப்பு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டியூப் களிம்பு. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் களிம்பு தேவைப்படும்படி அவள் ஒரு தடவைகூட நடந்துகொண்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கல் முழுக்கக் கரைந்த பிறகு, அடியில் கரையாமல் ஒரு சிட்டிகைக் கறுப்புப் பொடி தங்கும். அதை இன்னொரு ஆசிட்டில் கொஞ்ச நேரம் விட்டுச் சுத்தம் செய்து, தலைமுடியைவிட நுண்ணிய துளை உள்ள சல்லடையில் அலசி, ஸ்லைடில் ஒட்டுவாள். இதனால் துறையில் அவளுக்குச் சல்லடை அக்கா என்று பெயர். அந்தப் பொடிதான் வித்து. பூக்கள் என்று ஒன்று உலகத்தில் வருவதற்கு முன்னால் இருந்த செடிகள், விதைக்குப் பதிலாகக் காற்றில் தூவிய தூள். இன்றைக்கும் பெரணிச் செடியின் இலையைத் திருப்பினால் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த ரகம். கல்லைக் கரைக்கிற ஆசிட்டுக்கு அது கரையாது.

"எவ்வளவு பழசு அண்ணி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"முப்பத்தஞ்சு கோடி வருஷத்துக்கு மேல."

"கோடின்னா, நூறு லட்சமா?"

"ஆமா. அது முப்பத்தஞ்சு தடவை," என்றாள், கீரைக்கட்டு எத்தனை என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

நான் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாடியில் நான், கீழே அண்ணனும் அண்ணியும். அண்ணன் வெல்டர், கேட்டும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற பட்டறையில் வேலை. மூன்று பேரில் ஒருத்தர் இரும்பை ஒட்டுகிறவர், ஒருத்தி கல்லைக் கரைக்கிறவள், நான் மட்டும்தான் மனுஷர்களோடு வேலை செய்கிறேன் என்று அவர்களைச் சீண்டுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணி ஒரு புது ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு நன்றாகப் பழகிய வித்துதான். உருண்டையாக, சுற்றிலும் ஒரே அளவில் முள் முள்ளாக, சின்ன ஊமத்தங்காய் போல இருக்கும். நிறம் தேன் நிறம். அன்றைக்குப் பார்த்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு அப்படி இல்லை. முட்கள் வளைந்து கிடந்தன. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று நுனியில் இரண்டாகப் பிரிந்தது. சிலவற்றில் ஒரு பக்கம் முள்ளே இல்லை. தேன் நிறத்துக்குப் பதில் காப்பிக் கொட்டை நிறம்.

மேலே இருந்த பேராசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரை எங்கள் வீட்டில் மேடம் என்றே சொல்வோம். கறாரான மனுஷி. தாமதம் பிடிக்காது, சாக்குச் சொன்னால் பிடிக்காது. ஆனால் அநியாயம் செய்தார் என்று அண்ணி அதுவரை ஒரு நாளும் சொன்னதில்லை.

மேடம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இந்த ஸ்லைடு வீண். ரெண்டாவது ஆசிட்ல அதிக நேரம் விட்டுட்டீங்க. முள்ளெல்லாம் சுருண்டு போச்சு பாருங்க."

"சரியான நேரம்தான் மேடம்."

"அப்ப இது ஏன் இப்படி இருக்கு?"

மேடம் பதிவேட்டைத் திறந்து, அந்த எண்ணுக்கு எதிரே, 'தயாரிப்பில் தவறு' என்று எழுதி, தேதி போட்டுவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார். பத்தொன்பது வருஷத்துப் பதிவேடுகளில் அந்த வார்த்தை அண்ணியின் பெயருக்கு நேரே வந்தது அதுதான் முதல் தடவை.

அண்ணிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள், பாத்திரம் கழுவுவாள். அன்று அந்த அறையில் கழுவியிருந்த குடுவைகளையே மறுபடி எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்தால் வீட்டில் இன்னொரு கூத்து. அண்ணன் முகத்தில் ஈரத் துணியோடு நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். பட்டறைக்காரர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். டூட்டி முடிந்து நானும் அப்போதுதான் உள்ளே நுழைந்தேன்.

"கண்ணுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்டுத் தேய்க்கிற மாதிரி இருக்கு," என்றான்.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "முகமூடி போடாம வெல்டிங் வெச்சியா?"

"காலையில ரெண்டே ரெண்டு புள்ளிதான் வெச்சேன். முகமூடிக் கண்ணாடி விரிசல் விட்டுப் போச்சு. புதுசு மாத்த சோம்பல்."

"உன் சோம்பலுக்கு ஒரு கோயிலே கட்டலாம்."

"கட்டு. ஆனா திறப்பு விழாவுக்கு என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ. கண்ணு தெரியல."

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டி, மருந்து போட்டு, இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்று கேட்டுக்கொண்டு திரும்பினோம். அண்ணி முகம் வெளிறிப் போயிருந்தாள்.

"பயப்படாதீங்க அண்ணி. கண்ணோட மேல்தோல் வெந்து போயிருக்கு, தானா வளர்ந்துடும். அந்த வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாத பங்கு ஒண்ணு இருக்கு, புற ஊதாக் கதிர். அதோட வேலை இது. காலையில பட்டா சாயங்காலம்தான் வலிக்க ஆரம்பிக்கும்."

"சூரியன்லயும் அது உண்டுல்ல?"

"தாராளமா உண்டு. மேல ஓசோன் இருக்கிறதால ரொம்ப மோசமான பங்கு கீழ வராது. அது இல்லன்னா நாம எல்லாரும் முகமூடி போடாத வெல்டர்ங்கதான்."

அண்ணி அண்ணனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே, தினமும் வெளிச்சம் படுகிற இரண்டு விரல் இடம், வளையல் போட்ட மாதிரி கறுத்திருக்கும். வருஷக் கணக்காக அப்படித்தான்.

"இது ஏன் கறுக்குது?"

"உள்ள இருக்கிறதைக் காப்பாத்தத்தான் அண்ணி. தோல் தனக்குத்தானே போட்டுக்கிற திரை."

அவள் அந்தக் கறுப்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "கறுத்துத்தான் இருந்துச்சு," என்றாள்.

"எது?"

அப்போதுதான் காலையில் நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "ரெண்டாவது ஆசிட்ல அதிக நேரம் விட்டா வித்து வெளுக்கும். நான் எத்தனையோ பார்த்திருக்கேன். வெளுத்து, மெலிஞ்சு, கடைசில கண்ணாடி மாதிரி ஆயிடும். கறுக்கவே கறுக்காது. இது மேடத்துக்கும் தெரியும். அவசரத்துல யோசிக்கல," என்றாள்.

"போய்ச் சொல்லுங்க."

"சொன்னா வாக்குவாதம் ஆகும். செஞ்சு காட்டணும்."

மறுநாள் காலை, "அந்தப் பெட்டிக் கல்லை மறுபடி கரைச்சுச் செய்யறேன் மேடம்," என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். "செய்யுங்க," என்றாராம் மேடம், தலையை நிமிர்த்தாமலே.

அவள் போட்ட திட்டம் இதுதான். அந்த விசித்திரமான துண்டு கிடைத்த இடத்துக்குக் கீழேயும் மேலேயும், நாலு விரல் இடைவெளியில் மொத்தம் இருபத்துநாலு துண்டுகள் எடுக்க வேண்டும். எது எந்த ஆழத்துத் துண்டு என்று அவளுக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும் என்றாள். அதனால் துண்டுகளைக் கலைத்துப் போட்டு வேறு எண் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாத, வேலைக்குப் போகாமல் சும்மா இருக்கிற ஆள்.

"நான்தான் இருக்கேனே," என்றான் அண்ணன்.

மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சினிமா ஹீரோ மாதிரி அடித்தளத்துக்குப் போனான். அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ள, அவன் துண்டுகள் இருந்த டப்பாக்களைக் கலைத்து, புது எண்ணை ஒட்டி, பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒரு தாளில் எழுதினான். அந்தத் தாளை உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிடச் சொன்னது அண்ணி.

"ஏன், என்கிட்ட இருந்தா என்ன?" என்று அவனுக்குக் கோபம்.

"உங்க வாயில எதுவும் ஒரு வேளைக்கு மேல தங்காதுங்க," என்றாள் அண்ணி. உறை என் அலமாரியில் சர்டிபிகேட்டுகளோடு போய்ச் சேர்ந்தது.

கரைக்கப் பதினொரு நாள். இருபத்துநாலு குடுவைகளும் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு நேரம், ஒரே ஆசிட், ஒரே சல்லடை. இரண்டாவது ஆசிட்டுக்கு மட்டும் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாளாம். பிறகு எண்ணிக்கை. ஒரு ஸ்லைடுக்கு இருநூறு வித்து. நல்லது இத்தனை, கோணல் இத்தனை. எண்ண ஆரம்பித்த பிறகு வீட்டில் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாப்பிடும்போது கை பாதியில் நின்றுவிடும். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"என்ன அண்ணி, எப்படி வருது?"

"பதினேழு சுத்தம். ஏழுல கோணல்."

"அந்த ஏழும் எந்த ஆழம்?"

"அது உன் அலமாரிலதான் இருக்கு," என்றாள். அவள் சிரிக்கவில்லை. பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஏழும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்திருந்தால், மேடம் எழுதியதுதான் சரி. கை தவறிய குடுவைகள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு ஓய்வு. உறையோடு நானே போனேன். மேடம் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். என்னை யார் என்று கேட்டார். "நாத்தனார். லிஸ்ட் இவகிட்டதான் இருந்துச்சு, நான் பார்க்கல," என்றாள் அண்ணி. மேடம் உறையைத் திருப்பிப் பார்த்து, ஒட்டியது ஒட்டியபடி இருப்பதைக் கவனித்துவிட்டுக் கிழித்தார்.

நீள மேஜையில் இருபத்துநாலு ஸ்லைடுகள் இருந்தன. மேடம் தாளைப் பார்த்துப் பார்த்து அவற்றை ஆழப்படி வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். அண்ணி ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் பதிவேட்டிலிருந்து படித்தாள். கீழிருந்து ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். ஒன்பது வரைக்கும் சுத்தம். பத்தாவது, இருநூறில் நாற்பத்தொன்று கோணல். பதினொன்று, அறுபத்தெட்டு. பன்னிரண்டு, எழுபத்தைந்து. பதினாறு வரைக்கும் ஏழும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. பதினேழு, சுத்தம். அதற்கு மேல் எல்லாம் சுத்தம்.

மேடம் கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நானும் அண்ணியும் நின்றுகொண்டே இருந்தோம்.

எழுந்ததும் அவர் செய்த முதல் காரியம், பதிவேட்டைப் பழைய பக்கத்துக்குத் திருப்பியது. 'தயாரிப்பில் தவறு' என்பதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில், 'என் தவறு. கல்லில் இருப்பதே இதுதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கறுத்திருந்ததே, அப்பவே நான் யோசிச்சிருக்கணும்," என்றார் அண்ணியிடம். "உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"இவங்க அண்ணனுக்கு வெல்டிங்ல கண்ணு வெந்துபோச்சு மேடம். கையும் கறுப்பு. அந்தக் கதிர்தானோன்னு..."

மேடம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "வந்து இதைப் பாருங்க. நீங்களும் வாங்க," என்று என்னையும் கூப்பிட்டார்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். எனக்குத் தினமும் கண்ணுக்குள் பார்த்துத்தான் பழக்கம். இதில் முதலில் வெறும் மங்கல். அண்ணி பக்கத்திலிருந்து திருகைத் திருகினாள். சட்டென்று தெளிந்தது. நாலு வித்துகள், ஒன்றோடு ஒன்று ஒட்டியபடி, ஒரே கொத்தாக. வித்துகள் நாலு நாலாகத்தான் பிறக்கும், பிறகு பிரிந்து காற்றில் போகும் என்று மேடம் சொன்னார். இவை பிரியவே இல்லை. நாலிலும் முட்கள் தாறுமாறாக வளைந்திருந்தன. நாலும் கறுத்திருந்தன.

"தாய்ச்செடிக்குள்ள உருவாகும்போதே அடிபட்டிருக்கு," என்றார் மேடம். "பிறந்ததுக்கப்புறம் இல்ல. அந்தக் கதிர் உயிரோட எழுத்தையே கலைச்சிருக்கு. முள்ளு எப்படி இருக்கணும்னு செடிக்கே மறந்து போச்சு."

"ஓசோன் இல்லாம போனதாலயா மேடம்?" என்று அண்ணி கேட்டாள்.

"அப்படித்தான் நினைக்கத் தோணுது. ஏன் இல்லாம போச்சுங்கறதுதான் பெரிய கேள்வி." அவர் பென்சிலை எடுத்து, மேஜையில் கிடந்த தாளில் ஒரு வட்டம் போட்டு, தாளின் மறு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். "ஒரு நட்சத்திரம் வெடிச்சுதுன்னு வெச்சுக்கங்க. பக்கத்துல. பக்கத்துலன்னா, அதோட வெளிச்சம் இங்க வந்து சேரவே அறுபது எழுபது வருஷம் ஆகும், அந்த மாதிரி பக்கத்துல. மொதல்ல வெளிச்சம் வரும். அது கொஞ்ச நாள்ல போயிடும். அதுக்குப் பின்னால காஸ்மிக் கதிர் வரும், பயங்கர வேகத்துல பாயற நுண்துகள். அது ஆயிரக்கணக்கான வருஷம் வந்துக்கிட்டே இருக்கும்."

"அது வந்து ஓசோனை எரிச்சுடுமா?" என்று நான் கேட்டேன்.

"நேரா எரிக்காது. நம்ம காத்துல முக்கால் பங்குக்கு மேல நைட்ரஜன். யார் வம்புக்கும் போகாம சும்மா கிடக்கிற வாயு. அந்தக் கதிர் வந்து இடிச்சா அது ரெண்டா உடையும். உடைஞ்சது ஆக்ஸிஜனோட கூட்டுச் சேர்ந்துக்கும். அந்தக் கூட்டுக்கு ஓசோனைக் கண்டா ஆகாது. ஒண்ணைத் தின்னும். தின்னுட்டுத் தானும் தீர்ந்து போகுமான்னா, போகாது. முழுசா வெளிய வந்து அடுத்ததைத் தின்னும். அதுக்கடுத்தது."

"ஓசோன் எவ்வளவு இருக்கும் மேடம்? கனம்?"

"மேல பல கிலோமீட்டர் உயரத்துக்குப் பரவிக் கிடக்கு. ஆனா அத்தனையையும் கீழ கொண்டுவந்து தரையில பரப்பினா மூணு மில்லிமீட்டர் வரும்."

நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து அண்ணியைப் பார்த்தேன். அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவே அந்த இடைவெளியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஏழு துண்டும் சேர்ந்து எவ்வளவு காலம்?" என்று கேட்டாள்.

"ஒரு முழம் கல். அப்ப இது ஏரிச் சேறு. இவ்வளவு படியறதுக்கு நாலாயிரம் அஞ்சாயிரம் வருஷம் ஆகியிருக்கும்."

அண்ணி பெட்டியில் கிடந்த கல்லின் மேல் கையை வைத்தாள். கையுறை இல்லாத கை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரியாக அந்த ஏழு துண்டு பெயர்த்த இடம் அடங்கியது. நாலாயிரம் வருஷம் செடிகள் முளைத்து, தங்களால் முடிந்த முள்ளை வைத்து, காற்றில் தூவிக்கொண்டே இருந்திருக்கின்றன. பார்க்க ஒரு கண் கிடையாது, எழுதி வைக்க ஒரு கை கிடையாது. எங்கோ ஒரு நட்சத்திரம் செத்திருக்கிறது; அதன் அடி இங்கே ஒரு ஏரிக்கரைச் செடியின் தூளில் பதிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறப்பும் பார்த்திருக்கிறேன், சாவும் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒரு அமைதி எனக்குள் அதுவரை வந்ததில்லை.

"ஆனா ஒண்ணு," என்றார் மேடம். "நட்சத்திரம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பூமி ரொம்பச் சூடாகி, நீராவி உயரத்துக்குப் போய், அது ஓசோனைக் கெடுத்திருக்கலாம். ரெண்டுல எதுன்னு இன்னைக்கு எனக்குத் தெரியாது. சாகற வரைக்கும் தெரியாமலே கூடப் போகலாம்."

தெரியாது என்பதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததே இல்லை.

வெளியே வந்தபோது மதிய வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. வழக்கமாக நிழலைத் தேடி ஓடுகிறவள் அண்ணி. அன்று படிக்கட்டில் நின்று முகத்தை மேலே தூக்கினாள். நானும் நின்றேன். வெயில் முகத்தில் இதமாகத்தான் இருந்தது. நீலமாக, ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது வானம்.

சாயங்காலம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னோம். நட்சத்திரம் அவனுக்கு அவ்வளவாக ஏறவில்லை. மூணு மில்லிமீட்டர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என் முகமூடிக் கண்ணாடி கனம் அதேதான்," என்றான். எழுந்து போய்ப் பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்து வந்து, விளக்கில் பிடித்துப் பார்த்தான். பிறகு எங்கள் இரண்டு பேரிடமும் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். வெகுநேரம் அதைப் பற்றி அவன் கேலி ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு அது அபூர்வம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மேடம் அந்த ஒரு முழக் கல்லிலிருந்து ஒரு துண்டை வெளிநாட்டு லேப் ஒன்றுக்கு அனுப்பினார். நட்சத்திரம் வெடிக்கிற மாதிரியான பெரும் நிகழ்வில் மட்டுமே உண்டாகிற ஒரு வகைப் புளூட்டோனியம் உண்டாம். பாதியாகத் தேயவே எட்டுக் கோடி வருஷம் பிடிக்குமாம். அதில் நாலு அணு அகப்பட்டால்கூட நட்சத்திரத்தின் வேலை என்று சொல்லிவிடலாமாம். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இன்னும் நிறையக் கல் வேண்டும்.

மேடம் சோர்ந்து போகவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், வேறொரு கண்டத்தில், அதே காலத்து ஏரி ஒன்றில் துளை போட்டிருந்தார்கள். அந்தக் கல்லைக் கேட்டு வாங்கினார். ஆறு மரப்பெட்டிகள் வந்து இறங்கின. அண்ணி மறுபடி துண்டுகளைக் கலைக்கச் சொல்லி, மறுபடி கரைத்தாள், மறுபடி எண்ணினாள். இந்தத் தடவை அறுபது ஸ்லைடுகள். வரிசைப்படுத்திய அன்று நானும் போயிருந்தேன்.

பதின்மூன்று ஸ்லைடுகள், அடுத்தடுத்து. அதே வளைவு, அதே கறுப்பு. அத்தனை தூரத்துக்கு அப்பால், அந்த ஏரிக்கும் மேலே இருந்தது ஒரே வானம்தான் என்பதை அந்தப் பதின்மூன்றும் சொல்லின. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கட்டுரையில மொதல் பேரு என்னுது, ரெண்டாவது உங்களுது," என்றார் அண்ணியிடம். "மறுத்துப் பேசாதீங்க."

அண்ணி அதற்குள் அந்தப் பதின்மூன்றுக்கும் மேலே இருந்த ஸ்லைடுகளைப் பார்க்கப் போய்விட்டிருந்தாள். கோணல் வித்துகள் நின்றுபோன இடத்துக்குப் பிறகு வருபவை. முதல் இரண்டு ஸ்லைடுகளில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, வெறும் கரித்துகள். மூன்றாவதைப் பார்த்தவள், நகராமல், "மேடம்," என்று கூப்பிட்டாள்.

மேடம் பார்த்தார். பிறகு எனக்கும் இடம் விட்டார். முள்ளே இல்லாத, வழவழப்பான, சின்னஞ்சிறு வித்து. கீழே எந்த ஸ்லைடிலும் நான் காணாதது. ஒன்று இரண்டு இல்லை. கண்ணாடி முழுக்கச் சிதறிக் கிடந்தது, இடைவெளி இல்லாமல்.

"இது என்ன செடி?" என்று கேட்டேன்.

"பெரணி மாதிரி ஏதோ. பேரு இன்னும் வைக்கல," என்றார் மேடம். "அந்த ஏரிக்கரையில மத்ததெல்லாம் செத்துப் போச்சு. வெறுந்தரையில மொதல்ல வந்தது இதுதான்."

அண்ணி நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, எண்ணுகிற கருவியைச் சுழியத்துக்குத் திருப்பிவிட்டு, இடது ஓரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.